குள்ளர் கத்தி செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைக்குள் உலை மூட்டி இரும்போடு வாழும் குள்ளர்களைக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை கொழும்பில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் என் பட்டறைக்கு வரும் இளைஞர்களில் பலர் கையில் ஒரு வரைபடம் இருக்கும். அகன்ற அலகு, நடுவில் மடங்கி முனைக்கு இறங்கும் முதுகு, எண்கோணக் கைப்பிடி, பித்தளைப் பூண், பக்கவாட்டில் பண்டைய வட ஐரோப்பியரின் ரூன் எழுத்துகள். "சுவரில் மாட்ட அல்ல அண்ணா, வீட்டில் பாவிக்க வேண்டும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அழகும் வேலையும் ஒரே பொருளில் சேர வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் வரைபடத்தை விரித்ததுமே, இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் உருக்கை வீணாக்கிய அதே இடங்கள் கண்ணில் படுகின்றன.

கண்ணாடி அணியாமல் கிரைண்டர் பிடிப்பது, மூடிய அறைக்குள் தூசியைச் சுவாசிப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. நல்ல கையும் பொறுமையும் உள்ளவர்கள்கூடச் சறுக்கும் இடங்களைத்தான் எழுதுகிறேன்.

தடிமன்தான் குள்ளர் அடையாளம் என்று நினைப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்வேன். இதை மட்டும் இன்றும் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் இது ஒருவருடைய பல வார உழைப்பைத் தின்றுவிட்டுத்தான் வெளியே தெரிய வரும்.

ஒரு தம்பி, வாகனத் திருத்தகத்தில் வேலை செய்பவர், லொறியின் ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தியைக் கொண்டுவந்தார். கைவேலை அருமை. அரம் பிடித்த அடையாளம் ஓர் இடத்திலும் இல்லை. அலகின் நீளம் 16 சென்ரிமீற்றர், அகலம் 4 சென்ரிமீற்றர், தடிமன் 7 மில்லிமீற்றர். அந்த 7 மில்லிமீற்றர் கைப்பிடியிலிருந்து முனை வரை குறையவே இல்லை. கூருக்கான சரிவு மட்டும் கீழே 8 மில்லிமீற்றர் உயரத்துக்குப் பளபளவென்று இருந்தது. கல்லில் தீட்டித் தீட்டி, முழங்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூர் ஏற்றியிருந்தார். "கூர் இருக்கிறது, வெட்டத்தான் மாட்டேன் என்கிறது. கல் சரியில்லையா அண்ணா?" என்று கேட்டார்.

ஒரு கரட்டை எடுத்துப் பலகையில் வைத்தேன். கத்தி முதல் சில மில்லிமீற்றர் அழகாக இறங்கியது. பிறகு கரட் வெடித்துப் பிளந்து, பாதித் துண்டு மேசையை விட்டுத் தெறித்தது. பூசணிக்காயில் இன்னும் மோசம். அலகு பாதியில் சிக்கி நின்றது. மேலிருந்து அறைந்துதான் இறக்க வேண்டியிருந்தது. அது ஆப்பு செய்யும் வேலை.

கணக்கைப் பாருங்கள். 7 மில்லிமீற்றர் முதுகு, 8 மில்லிமீற்றர் உயரச் சரிவு என்றால் இரு பக்கமும் சேர்ந்த கோணம் ஏறத்தாழ 47 பாகை. மரம் வெட்டும் கோடரியின் வாய்கூடப் பொதுவாக இதைவிடக் குறுகலானது. அதே 7 மில்லிமீற்றர் பட்டையை முதுகிலிருந்து கூர் வரை 40 மில்லிமீற்றர் முழு உயரத்துக்கும் சரித்திருந்தால் கோணம் 10 பாகைக்கு இறங்கியிருக்கும். 4 மில்லிமீற்றர் பட்டையில் தொடங்கியிருந்தால் 6 பாகைக்கும் குறைவு. காய்க்குள் அலகு இறங்குவதைத் தீர்மானிப்பது இந்தக் கோணமும், கூருக்குச் சற்று மேலே மிஞ்சும் தடிமனும்தான். கூரின் விளிம்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பின்னால் வரும் உடல் தடித்திருந்தால் அது காயை வெட்டாது, பிளக்கும்.

எடையையும் பார்க்க வேண்டும். உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். அந்த அலகு மட்டுமே 300 கிராமைத் தாண்டும். சாதாரணச் சமையற்கத்தி கைப்பிடியோடு சேர்ந்தே 200 கிராமை ஒட்டியிருக்கும். அம்மா வெங்காயம் அரியும் நேரம் முழுதும் அந்த எடையை மணிக்கட்டு சுமக்க வேண்டும்.

இதைச் சொன்னால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பலம் வேண்டுமே அண்ணா." இந்தப் பதில்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. எதற்குப் பலம்? தடிமன் இரு மடங்கானால் வளையாத தன்மை எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் முதுகில் 4 மில்லிமீற்றர் உள்ள, சரியாகத் தோய்ச்சல் போட்ட (பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய) அலகு, பலாக்காயை வெட்டும்போதும் பெரிய மீனின் தலையைப் பிரிக்கும்போதும் வளைவதில்லை. கதவை நெம்புவதற்கு வேறு கருவி இருக்கிறது. யாரும் கேட்காத பலத்துக்காக, ஒவ்வொரு நாளும் தேவைப்படும் வெட்டும் தன்மையை விற்றுவிடுகிறோம்.

இதைச் செலவு மிக்க தவறு என்று சொல்வதற்குக் காரணம், பிறகு திருத்த முடியாது என்பதுதான். தோய்ச்சலுக்குப் பிறகு அலகை மெலிக்கப் போனால் உராய்வுச் சூட்டில் கூர்ப்பக்கம் நீலம் பாயும். உருக்கு 300 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டைக் கண்டுவிட்டது என்பதன் அடையாளம் அது. அந்த இடம் கத்திக்கு வேண்டிய கடினத்தை இழந்துவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைத்து நனைத்து மெலிக்கலாம். ஆனால் பக்கவாட்டில் வெட்டிய அலங்காரம் அத்தனையும் அதோடு போய்விடும். அந்தத் தம்பி அதைத்தான் செய்தார். ரூன் எழுத்துகள் தூசியாக உதிர்வதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேர் எங்கே இருக்கிறது என்றால், வரைபடத்தில். எல்லோரும் கத்தியைப் பக்கவாட்டில் மட்டுமே வரைகிறார்கள், ஏனென்றால் திரையில் பார்த்த படம் அப்படித்தான் இருக்கிறது. பக்கவாட்டுப் படத்தில் தடிமன் தெரியாது. முதலில் குறுக்குவெட்டை வரையுங்கள்: கைப்பிடியை ஒட்டி ஒன்று, நடு அலகில் ஒன்று, முனைக்கு அருகில் ஒன்று. பிறகு மேலிருந்து பார்க்கும் படம். பக்கவாட்டுப் படம் கடைசியில் வரட்டும். கைப்பிடியருகே 5 மில்லிமீற்றர், நடுவில் 3.5, முனையருகே 1.5 என்று முதுகு மெலிந்துகொண்டே போகட்டும். தோய்ச்சலுக்கு முன் கூர்ப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் எண்ணெயில் நெளிந்துவிடும். தோய்ச்சலும், அலகு நொறுங்காமல் இருக்கக் குறைந்த சூட்டில் மீண்டும் காய்ச்சும் மறுசூடும் முடிந்த பிறகு, தண்ணீரில் நனைத்தபடி, பல வேலைக்கான கத்தியென்றால் அதை 0.4 அல்லது 0.5 மில்லிமீற்றருக்கு இறக்குங்கள். வேணியர் இடுக்கிமானியால் அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

அப்படியானால் குள்ளரின் கனம் எங்கே போயிற்று? கண் கனத்தைத் தேடும் இடங்கள் வேறு. முதுகு கைப்பிடியைச் சந்திக்கும் இடம், பூண், கைப்பிடியின் முனை, முதுகு மடங்கும் கோணம். அங்கே தடிமனைக் காட்டினால் பார்ப்பவர் முழுக் கத்தியையும் தடித்ததாகவே உணர்வார். இதை நம் தீவே செய்து காட்டியிருக்கிறது. கண்டி இராச்சிய காலத்து 'பிஹா கெத்த' கத்தியைப் பாருங்கள். கட்டையான, கனத்த தோற்றம். பித்தளையும் வெள்ளியும் கொண்ட வேலைப்பாடு கைப்பிடியருகிலும் முதுகுப்பக்கத்திலும் அடர்ந்து நிற்கும். வெட்டும் பக்கம் வெறுமையாக இருக்கும். குள்ளர் கத்தி வரைய ஆசைப்படுகிறவர்கள் திரையை மூடிவிட்டு ஒரு பகல் தேசிய நூதனசாலைக்குப் போய் கண்டிக்கால உலோக வேலைகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அந்தக் கைகள் எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்தன.

கைப்பிடியைக் கட்டையாக்குவது

குள்ளர் குட்டையானவர், ஆகவே கைப்பிடியும் குட்டை என்று வரைகிறார்கள். வட ஐரோப்பியப் புராணத்தில் இடித் தெய்வமான தோரின் சுத்தியலைச் செய்தவர்கள் குள்ளர்கள்தான். உலைத்துருத்தி ஊதிக்கொண்டிருந்த குள்ளனின் இமையை, ஈயாக மாறி வந்த சூழ்ச்சிக்காரன் லோகி கடித்ததால் வேலை ஒரு கணம் நின்றது; சுத்தியலின் பிடி குட்டையாகிவிட்டது. அந்தக் கதையிலேயே அது ஒரு குறைதான். அதை அழகு என்று எடுத்துக்கொண்டு நாம் கத்தியில் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

வளர்ந்த ஒருவரின் நான்கு விரல்களும் சேர்ந்த அகலம் 8 முதல் 9 சென்ரிமீற்றர். கைப்பிடி 11 அல்லது 12 சென்ரிமீற்றர் இருக்கட்டும். குள்ளர் தோற்றம் வேண்டுமென்றால் நீளத்தைக் குறைக்காமல் குறுக்களவைச் சற்றுக் கூட்டுங்கள். முதலில் மலிவான பலகைத் துண்டில் செதுக்கி, அதைப் பிடித்துக்கொண்டு வெட்டுவது போல அசைத்துப் பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே கொப்புளம் வரும். பிறகுதான் நல்ல மரம். மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் ஒதுக்கும் முதிரைத் துண்டு ஒன்று கிடைத்தால் போதும்.

எண்கோணத்தின் ஓரங்களை அப்படியே விடுவது

மழுக்குங்கள். பார்வைக்குக் கோணம் போதும், உள்ளங்கைக்கு வேண்டாம்.

ரூன் எழுத்துகளை முதலிலேயே வெட்டுவது

அலகில் ஆழமாக எழுத்து வெட்டிவிட்டுத் தோய்ச்சலுக்குப் போடுகிறார்கள். எண்ணெயில் இறங்கும் கணத்தில் உருக்கு சுருங்கவும் விரியவும் தவிக்கிறது. கூர்மையான பள்ளத்தின் அடிதான் அந்த இழுவை முழுவதும் குவியும் இடம். "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

1857இல் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் கத்தி ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அலகில் 28 ரூன் எழுத்துகள் உலோகக் கம்பியால் பதிக்கப்பட்டிருக்கின்றன, அதுவும் முதுகை ஒட்டிய பகுதியில். கண்டிக் கைவினைஞரும் சாக்சன் கொல்லரும் ஒருவரையொருவர் அறியாமலே கூரை விட்டு விலகி முதுகுப்பக்கம் போயிருக்கிறார்கள்.

என் யோசனை இன்னும் எளியது. எழுத்தை அலகில் போடவே வேண்டாம். சமைக்கும் கத்தியில் பள்ளம் இருந்தால் மீன் செதிலும் மஞ்சளும் அங்கே தங்கும். பித்தளைப் பூணில் வெட்டுங்கள். செட்டியார் தெருவில் நகைகளில் நுண்ணிய எழுத்து வெட்டும் கைகள் இருக்கின்றன. ஒரு சிறிய பூண் அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. அலகில்தான் வேண்டும் என்றால், எல்லாச் சூடும் முடிந்த பிறகு அமிலத்தால் மேலோட்டமாக அரித்து எழுதுங்கள்.

பழைய ஸ்பிரிங் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை, ஸ்பிரிங் பட்டையும் கிடைக்கும். பெரும்பாலும் அது காபன் 0.6 சதவீதத்தை ஒட்டிய, தாக்குப்பிடிக்கும் உருக்கு; கனத்த வேலைக்கான கத்திக்கு நல்லதுதான். ஆனால் அது எத்தனை ஆண்டு பாரம் சுமந்து களைத்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் உள்ளே இருக்கலாம். பட்டையைத் துலக்கி மண்ணெண்ணெய் பூசி, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, மேலே சோக்குத் தூளைப் பூசி வையுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

அடுத்து, ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி (காந்தத்தன்மை போவது 770 பாகையை ஒட்டி), சூடான எண்ணெயில் தோய்த்து, குறட்டில் பிடித்து உடையுங்கள். அதன் மேல் அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும். உடைந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். சீனி போல மினுங்கினால் சூடு கூடிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்ய ஒரு பின்னேரம் போதும். செய்யாமல் விட்டவர்கள் முழு அலகையும் முடித்த பிறகுதான் அதே பதிலைப் பெறுகிறார்கள்.

மறுசூட்டை மறந்துவிடாதீர்கள். 200 பாகையை ஒட்டி, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. வீட்டுப் போறணையிலும் முடியும், ஆனால் அதன் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள்.

கைப்பிடிக்குள் போகும் வாலில் செங்கோண மூலை

அலகு ஒடிந்தால் பெரும்பாலும் இங்கேதான் ஒடியும். மூலையை அரத்தால் உருட்டுங்கள், 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆரம் போதும். வாலைக் கைப்பிடியின் முக்கால் நீளத்துக்காவது கொண்டுபோங்கள். பென்சில் அளவு வாலை வைத்துவிட்டு மேலே அரைக் கிலோ பித்தளையைக் குமிழாகப் பொருத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.

முதல் கத்தியிலேயே டமாஸ்கஸ் (அடுக்கடுக்காக இணைத்த) உருக்கு

வேண்டாம்.

கைப்பிடியில் தோல் பட்டி சுற்றுவது

படத்தில் அழகு. ஒரு மாதம் மீன் வெட்டிய பிறகு முகர்ந்து பாருங்கள்.

கொழும்பின் காற்றை மறப்பது

குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, கரிய உலைத்தோல் படிந்த காபன் உருக்கு அலகை எண்ணெய் பூசாமல் விடுகிறார்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டில் அது ஓர் இரவுக்குள் செம்மை பூக்கும். பூணும் அலகும் சேரும் விளிம்பில் ஈரம் புகுந்தால் துரு உள்ளே இருந்து வளரும். அந்த இடைவெளியை எபோக்சிப் பசையால் முழுமையாக அடைத்துவிட்டுத்தான் கைப்பிடியை ஏற்ற வேண்டும். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து, சமையலுக்கு ஏற்ற கனிம எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் தற்காலிகமாக உதவும், ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கத்தியைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பித்தளை பச்சை பிடிக்கும். உறை வெளியே கொண்டுபோவதற்கு மட்டும். வீட்டில் கத்தி காற்றுப்படும் இடத்தில், மரத் தாங்கியில், கூர் சுவர்ப்பக்கம் பார்க்க நிற்கட்டும்.