வீட்டுல ஊத்தின ஜிக் ஹெட்டுக்கு பவுடர் கோட்டிங் போடுற விதம்

நாமளே ஈயம் ஊத்தி ஜிக் ஹெட், அதாவது ஈயத் தலை வெச்ச தூண்டில், செஞ்சா காசும் மிச்சம், பாரத்தையும் நம்மட விருப்பத்துக்கு வெச்சிக்கலாம், ஆனா நிறத்துலதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. நகப்பூச்சும் ஸ்ப்ரே பெயின்ட்டும் வாவிச் சேத்துல கொஞ்ச நாள் தாங்கும், முகத்துவாரத்துக் கல்லுல கொடுவாவுக்கு எறிஞ்சா சுறுக்கா உரிஞ்சிரும். பவுடர் அப்படியில்ல, அது சூட்டுல உருகி ஒரே தோலா ஈயத்தைப் புடிச்சிக்கும்.

மீன்பிடிக்கெண்டே சின்னப் போத்தல்ல விக்கிற பவுடர் ஒன்லைன்ல கிடைக்கும். இல்லாட்டி அலுமினியம் கதவு ஜன்னலுக்கு பவுடர் அடிக்கிற ஆக்கள்கிட்ட கொஞ்சம் கேட்டுப் பாருங்க, ஒரு தேநீர்க் கோப்பை அளவு இருந்தாலே நிறைய நாளைக்குக் காணும். எத்தினை பாகையில எவ்வளவு நேரம் சுடணும் எண்டும் அவங்களுக்கிட்டயே கேட்டு எழுதி வெச்சிக்கோங்க, பவுடருக்குப் பவுடர் அது மாறும்.

முதல்ல ஹெட்டைச் சுத்தம் பண்ணணும். ஊத்தின உடனே இருக்கிற மினுக்கம் போய் சாம்பல் பூத்திருந்தா மெல்லிசா உரசி, தின்னர்ல துடைச்சி காய வையுங்க, அதுக்குப் பிறகு விரலால தொடாதீங்க, எண்ணெய் பட்ட இடத்துல பவுடர் ஒட்டாது.

அடுத்தது பவுடரை இளக்குறது, இதைத்தான் ஆக்கள் விட்டுடுறாங்க. போத்தல்ல இறுகிக் கிடக்கிற பவுடருக்குள்ள குத்தினா கட்டி கட்டியா ஒட்டும். அகலமான பிவிசி குழாய்த் துண்டொண்டை எடுத்து, அடியில கோப்பி வடிக்கிற பேப்பரை இறுக்கி ஒட்டி, அதுக்குக் கீழ மூடி போட்டு, மூடியில ஓட்டை போட்டு மீன் தொட்டிக்கு வைக்கிற எயார் பம்ப்பை மாட்டுங்க. பேப்பருக்கு மேல பவுடரைக் கொட்டி காத்தைக் குறைச்சி விட்டா அது கொதி வாற கஞ்சி மாதிரி மெதுவா மிதக்கும், அந்தளவு போதும்.

இப்ப ஹெட்டை குறடால தூண்டில் வளைவுல புடிச்சி ஈயத்தை மட்டும் ஹீட் கன்னால சுடுங்க, கன் இல்லாட்டி ஸ்பிரிட் விளக்கும் சரி. நெருப்பைத் தூண்டிலுல காட்டாதீங்க, உருக்கு அளவுக்கு மீறிச் சூடானா பலம் போயிரும், பிறகு பாரை ஒண்டு இழுத்தா நிமிர்ந்திரும். திருப்பித் திருப்பிச் சுட்டு, பவுடருக்குள்ள ஒரு தரம் சுழட்டி உடனே எடுங்க, கூடிப் போனா ரெண்டு செக்கன். சூடு சரியா இருந்தா வெளிய எடுத்ததும் மினுங்கத் தொடங்கும். தூள் அப்படியே உதிர்ந்தா சூடு காணாது, தடிச்சி வழிஞ்சா கூடிட்டு. ரெண்டு மூண்டு ஹெட்டுலயே கைக்குக் கணக்கு புடிபட்டிரும். மஞ்சள், ஒரேஞ்ச் மாதிரி பளிச் நிறத்துக்கு முதல்ல வெள்ளை ஒரு மெல்லிய பூச்சு குடுங்க, மாரி மழைக்கு வாவித் தண்ணி கலங்கிக் கிடக்கிற நேரம் அந்த வெளிச்சம்தான் மீனுக்குத் தெரியும்.

பவுடர் இளகி இருக்கும்போதே தங்கூசி கட்டுற கண்ணுக்குள்ள ஊசியை விட்டு ஓட்டையைத் திறந்திருங்க. இறுகினதுக்குப் பிறகு குத்தினா பூச்சும் வெடிக்கும், மிச்சம் கிடக்கிற விளிம்பு தங்கூசியையும் அறுக்கும்.

மினுங்கிட்டு, வேலை முடிஞ்சிது எண்டு நினைக்கக்கூடாது, இன்னும் பாதி கிடக்கு. கம்பியில ஒண்டோடொண்டு முட்டாம தொங்க விட்டு ஓவன்ல சுட்டாத்தான் பவுடர் உண்மையா இறுகும். மீன்பிடிப் பவுடருக்கு ஏறக்குறைய 175 பாகை செல்சியஸ்ல 20 நிமிஷம், கதவு அடிக்கிற பவுடர் பொதுவா 180க்கும் 200க்கும் இடையில கேக்கும். ஈயம் உருகுறது 327ல, அதால பயமில்ல, ஆனா வயர் ஒட்டுற ஈயத்தைச் சேர்த்து ஊத்தியிருந்தா கவனம், தகரம் கலந்த அந்தக் கலவை 183லயே இளகத் தொடங்கும், ஹெட்டு சொட்டு சொட்டா விழுந்திரும். சின்ன ஓவன்ட டயலை நம்பாம உள்ளுக்கு ஒரு தேர்மோமீட்டர் வையுங்க.

அந்த ஓவனை இந்த வேலைக்கெண்டே ஒதுக்கிருங்க, பாண் சுடுற ஓவன்ல ஈயத்தை வைக்கவே கூடாது. ஈயம் உரசுற தூள் புள்ளைகள்ட உடம்புக்குப் பெரிய கேடு, வேலையைக் குசினிக்குள்ள செய்யாம வெளி விறாந்தையில மாஸ்க் போட்டுச் செய்யுங்க, முடிச்சிட்டு சவுக்காரம் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பாடு. பவுடர் காத்துல பறந்து நெருப்புப் பட்டா பத்தும், அதால விளக்கும் பவுடரும் தள்ளித் தள்ளி இருக்கணும்.

ஹெட்டுல மீன் கண் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுறதெண்டா ஓவன்ல இருந்து எடுத்து ஆறினதுக்குப் பிறகு ஒட்டி, மேல எபொக்சி ஒரு சொட்டு வையுங்க. மிஞ்சின பவுடரை இறுக்கமா மூடி வெச்சாத்தான் மழைக்காலத்து ஈரத்துல கட்டியாகாது, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பக்கட் ஒண்டையும் உள்ள போட்டு வையுங்க.