லோ கோட் டூல எந்த வேலைக்கு எடுக்கக்கூடாது: புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கம் இப்ப கடைக்கு ஒரு ஆப், மண்டிக்கு ஒரு ஆப்னு பசங்க நிறைய பேர் செஞ்சு குடுக்குறாங்க. மத்தளம்பாறைல ஸோஹோ வந்த பிறகு சாஃப்ட்வேர்னா ஊரை விட்டுப் போய் பண்ற வேலைங்கற நெனப்பே இங்க மாறிப்போச்சு, அதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். கோட் எழுதிப் பழக்கமில்லாத பிள்ளைங்க கூட ஸோஹோ கிரியேட்டர், ஆப்ஷீட், ஏர்டேபிள்னு ஏதாவது ஒரு லோ கோட் டூல், அதாவது கோட் அதிகம் எழுதாமலே ஆப் கட்டுற டூல் வச்சு ஒரு வாரத்துக்குள்ள ஃபார்ம், ரிப்போர்ட்னு கொண்டு வந்து நிறுத்திடுறாங்க. ஆனா எந்த வேலைக்கு அந்த டூல எடுக்கக்கூடாதுங்கற விஷயத்துல மட்டும், அந்தக் காலத்துல மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர வச்சுக்கிட்டு நாங்கல்லாம் விழுந்த அதே குழிலதான் இவங்களும் விழுறாங்க. பேக்கப் எடுங்க, பாஸ்வேர்ட சுவத்துல ஒட்டாதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடுறேன்.

ஸ்க்ரீன எண்ணி முடிவு பண்றது

"மொத்தம் ஆறு ஸ்க்ரீன்தான் அண்ணே, லோ கோட் போதும்"னு சொல்வாங்க. ஸ்க்ரீன் எத்தனைங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டேபிள்ல ஒரே வரிய ஒரே நேரத்துல எத்தனை பேர் மாத்துவாங்க, அதுல ஒண்ணு தப்பாப் போனா யாரோட காசு போகும், இந்த ரெண்டையும் மொதல்ல கேளுங்க.

இருப்ப ஒரே கட்டத்துல வச்சு, நெட்டு இல்லாத ரோட்ல ஓட விடுறது

இதப் பத்திதான் இன்னைக்கு முக்கியமா சொல்லணும், ஏன்னா இத எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

பாவூர்சத்திரம் மார்க்கெட்ல இருந்து காய்கறி லோடு புளியரை வழியா புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம்னு கேரளாவுக்குப் போகுது. காய் போறது பிளாஸ்டிக் ட்ரேல. காய்க்குக் காசு எப்படியும் வந்துரும், ட்ரே திரும்பி வரணும், அதான் மண்டிக்காரங்களுக்கு தலைவலி. இதுக்குன்னு ஒரு தம்பி ஒரு மண்டிக்கு போன்ல ஓடுற ஆப் ஒண்ணு லோ கோட்ல பண்ணிக் குடுத்தான். பாக்க அருமையாத்தான் இருந்துச்சு. கடைங்களுக்கு ஒரு டேபிள், ஒவ்வொரு கடைக்கும் 'பாக்கி ட்ரே'ன்னு ஒரு கட்டம். லோடு ஏத்துறப்ப ஆபீஸ்ல இருந்து கூட்டிப்பாங்க, காலி ட்ரே எடுக்குறப்ப டிரைவர் அவர் போன்ல கழிச்சுப்பாரு.

இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. புனலூர்ல ஒரு கடைக்கு 120 ட்ரே பாக்கி. டிரைவர் காலைல கிளம்பும்போது அவர் போன்ல அந்த 120 இருக்கு. புளியரை எஸ் வளைவு தாண்டி ஆரியங்காவு, தென்மலைன்னு மலைக்குள்ள போனா சிக்னல் வரும் போகும், அதனால ஆப் ஆஃப்லைன்லயே ஓடுது, அந்த வசதிக்காகத்தான் அந்த டூலயே எடுத்தாங்க. கடைல 40 காலி ட்ரே எடுக்குறாரு, போன் 120ல இருந்து 40 கழிச்சு 80னு வச்சுக்கிது. அதுக்குள்ள இங்க ஆபீஸ்ல அதே கடைக்கு அடுத்த வண்டில 60 ட்ரே ஏத்தி 180னு மாத்திட்டாங்க. சரியான கணக்கு 140. சாயந்திரம் டிரைவர் இறங்கி வந்து செங்கோட்டைல சிக்னல் கிடைச்சதும் போன் சிங்க் ஆகுது, அதாவது போன்ல இருக்குற கணக்கு சர்வருக்கு ஏறுது, 180 இருந்த எடத்துல 80னு எழுதிட்டு அமைதியா முடிஞ்சிருது. எர்ரர் கிடையாது, சிவப்புக் கலர்ல ஒரு வரி கிடையாது. 60 ட்ரே கணக்குல இருந்தே காணாமப் போச்சு.

ஓணத்துக்கு முன்னாடி லோடு கூடுறப்ப இது தினமும் நடக்கும். குடோன்ல எண்ணினா ட்ரே குறையுது, ஆப்ல எந்தக் கடை மேலயும் அந்தக் குறை காட்டல, அப்ப சந்தேகம் யார் மேல வரும்? வண்டில போறவர் மேலதான். "ஏத்துனதும் எண்ணித்தான் அண்ணாச்சி, எறக்குனதும் எண்ணித்தான்"னு அந்த டிரைவர் சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, ஆப் வேற சொல்லுதேன்னு மொதலாளி நம்பல, மனுஷன் வேலையவே விட்டுட்டுப் போயிட்டாரு. பிறகு உக்காந்து ஒவ்வொரு மாத்தத்தையும் நேரத்தோட வச்சுப் பாத்தப்பதான் ஓட்டை தெரிஞ்சது. ட்ரே போனதக் கூட விடுங்க, ஒரு நேர்மையான ஆள் மேல திருட்டுப் பழி விழுந்துச்சு, அதுக்குக் காரணம் டேபிள்ல ஒரு கட்டம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அந்த போன் அனுப்பினது "40 குறைச்சுக்கோ"ங்கற உத்தரவ இல்ல, "80னு எழுதிக்கோ"ங்கற முடிவ. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸ்ல "இருப்பு = இருப்பு - 40"ன்னு நேரா எழுதி அனுப்புனா கழிக்கிற வேலைய சர்வரே பண்ணும், அது முடியற வரைக்கும் அந்த வரி பூட்டிக்கிடக்கும், அடுத்தவர் மாத்தம் காத்திருந்து அப்புறம் மேல ஏறும், அதனால 140 சரியா வரும். ஷீட்டு மேலயோ போன்ல காப்பி வச்சோ ஓடுற டூல்கள்ல பெரும்பாலும் கடைசியா வந்தவர் எழுதினதுதான் நிக்கும். ஆக்சஸ்ல கூட ரெண்டு பேர் ஒரே வரியத் திறந்து மாத்தினா, இன்னொருத்தர் மாத்தியிருக்காரு என்ன பண்ணட்டும்னு ஒரு பெட்டி வந்து கேக்கும். இங்க அந்தக் கேள்வியே வராது.

சரி, இதுக்கு வழி இல்லையான்னா, இருக்கு. இருப்புக் கட்டத்தையே தூக்கிட்டு, ஒவ்வொரு ஏத்தம் எறக்கத்துக்கும் ஒரு புது வரி போடுங்க: தேதி, கடை, எத்தனை, போச்சா வந்துச்சா, யார் போட்டாங்க. பாக்கிய எப்ப வேணும்னாலும் கூட்டிப் பாத்துக்கலாம். மண்டிக் கணக்குப்பிள்ளை பேரேட்டுல பழைய வரிய அழிக்கவே மாட்டாரு, தப்புன்னா கூட அடுத்த வரில எதிர்ப்பதிவு போடுவாரு, அதே முறைதான். ரெண்டு போன்ல இருந்து ரெண்டு புது வரி வந்தா ஒண்ணை ஒண்ணு அழிக்காது. அந்த மண்டி ஆப்ப இப்படி மாத்தின பிறகு அதே லோ கோட் டூல்லயே ட்ரே கணக்கு ஒழுங்கா ஓடுது, அத நான் மறைக்கல.

ஆனா இந்த வழி எங்க நின்னு போகும்னு தெரிஞ்சுக்கணும், லோ கோட் தப்பான தேர்வுன்னு நான் முடிவு பண்ற எடமே அதுதான். நடந்தத எழுதி வைக்கிறதுக்கு புது வரி போதும். நடக்க விடாம தடுக்கிறதுக்கு போதாது. புளியங்குடி எலுமிச்சை 50 மூட்டை இருக்குன்னு வைங்க. ஒரு ஏஜென்ட் 40 மூட்டை வித்துட்டாரு, இன்னொருத்தர் மலைல நெட்டு இல்லாம 30 மூட்டைக்கு வாக்கு குடுத்துட்டாரு. ரெண்டு வரியும் பத்திரமா வந்து சேரும், கூட்டிப் பாத்தா மைனஸ் 20னு உண்மையத்தான் சொல்லும், ஆனா கொல்லத்துல வாக்கு குடுத்த எடத்துல மானம் போயிருக்கும். இருப்பு சீரோவுக்குக் கீழ போகவே கூடாதுன்னா வித்துக் குடுக்கற அந்த நிமிஷத்துல எல்லாரும் ஒரே எடத்துல போய்க் கேட்டாகணும், அங்க ஆஃப்லைன் வசதிய விட்டுத்தான் ஆகணும்.

அதே மாதிரி ரெண்டு டேபிள்ல சேந்து நடக்க வேண்டிய வேலை. காசு வரவும் ட்ரே கழிவும் ஒரே நேரத்துல பதிவாகணும், ஒண்ணு விழுந்து இன்னொண்ணு விழாம நிக்கக்கூடாது. டேட்டாபேஸ்ல இத டிரான்சாக்ஷன்னு ஒரே கட்டாக் கட்டி அனுப்பலாம், பாதில கரண்ட் போனா மொத்தமும் ரத்து. உங்க டூல்ல அது இருக்கான்னு டெமோ காட்டுறவங்கள்ட்ட கேளுங்க, சுத்தி வளைச்சுப் பதில் வந்தா இல்லன்னு எடுத்துக்கோங்க.

பில் நம்பர போன்லயே உருவாக்குறது

ஜிஎஸ்டி விதி 46 படி இன்வாய்ஸ் நம்பர் தொடர் வரிசைல வரணும், 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள்ள ஒரே நம்பர் ரெண்டு தடவை வரக்கூடாது. "கடைசி நம்பர் பிளஸ் ஒண்ணு"ன்னு ஃபார்முலா போட்டா ஆஃப்லைன்ல இருக்குற ரெண்டு போனும் ஒரே நம்பரத்தான் குடுக்கும். போனுக்கு ஒரு முன்னெழுத்து வச்சு தனித்தனி வரிசையா பிரிச்சுடுங்க, இல்ல நம்பர சர்வர் மட்டும் குடுக்கட்டும். ஆடிட்டர் மார்ச்ல கண்டுபிடிக்கிற வரைக்கும் விட்டா பழைய பில்லத் திருத்தறது பெரும்பாடு.

வைஃபைல ஆக்சஸ் ஃபைல்

ஆக்சஸ் ஃபைல ஒரு எடத்துல வச்சு வைஃபை வழியா பல பேர் திறந்து வேலை பாக்குறது வேண்டவே வேண்டாம். கேபிள் போடுங்க.

லிமிட்ட கடைசில படிக்கிறது

ஆக்சஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல வளராது, ஒரு டேபிள்ல 255 ஃபீல்டுதான். கூகுள் ஷீட்ல ஒரு ஃபைலுக்கு 1 கோடி செல், கேக்க பெருசாத் தெரியும், 20 கட்டம் இருக்குற டேபிள்னா 5 லட்சம் வரில முடிஞ்சுது, அதுக்கு ரொம்ப முன்னாடியே போன்ல திறக்க நேரமெடுக்கும். ஏர்டேபிள்ல இலவசத் திட்டத்துல ஒரு பேஸுக்கு, அதாவது டேபிள்லாம் சேந்த ஒரு தொகுப்புக்கு, 1,000 வரி, பிஸியான மண்டிக்கு அது எத்தன நாளைக்கு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. லிமிட்ட பாக்காம விட்டா பெரிய அரசாங்கத்துக்கே என்ன ஆகும்ங்கறதுக்கு 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல நடந்தது போதும்: பழைய எக்செல் ஃபார்மட்ல 65,536 வரிக்கு மேல ஏறாது, அதுல கொரோனா ரிசல்ட்ட ஏத்தினதால 15,841 பேர் கணக்குல விட்டுப் போச்சு, அவங்க கூடப் பழகினவங்களத் தேடிச் சொல்றதும் தள்ளிப் போச்சு.

எல்லாருக்கும் ஒரே லாகின்

ஆளுக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம் வர்றதால சீசன்ல பத்து பேருக்கு ஒரே லாகின் குடுப்பாங்க. யார் மாத்தினாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. பத்து பேர் கட்டணம் கட்டுப்படி ஆகலன்னா அந்த டூலே உங்களுக்குக் கட்டுப்படி ஆகல.

எடுக்க வேண்டிய எடத்துலயும் பயந்து ஒதுங்குறது

இதுவும் தப்புதான். ஒருத்தர் எழுதி பலர் பாக்குற வேலை, லீவு கேக்குறது, லாரி எஃப்சி இன்சூரன்ஸ் தேதிய ஞாபகப்படுத்துறது, கம்ப்ளைன்ட் பதிவு, பள்ளிக்கூட வேன் லிஸ்ட்டு, இதுக்கெல்லாம் லோ கோட் தாராளமாப் போதும். இதுக்குப் போய் ஆள் வச்சு கோட் எழுதினா காசுதான் வீண்.

வெளிய எடுத்துப் பாக்காம பணம் கட்டுறது

நீங்க நம்பி இருக்குற டூலயே ஒரு நாள் மூடிடலாம். கூகுள்காரங்க ஃப்யூஷன் டேபிள்ஸ்ங்கற டூல 2019 டிசம்பர்ல மூடினாங்க, ஆப் மேக்கர்ங்கற டூல 2021 ஜனவரில மூடினாங்க. ஷேர்பாயின்ட் ஆன்லைன்ல ஓடின ஆக்சஸ் வெப் ஆப்ஸ மைக்ரோசாஃப்ட் 2018லயே நிறுத்திருச்சு. டேட்டாவ சிஎஸ்வியா, அதாவது வெறும் எழுத்து ஃபைலா, எடுத்துக்கலாம்னு எல்லாரும் சொல்வாங்க, எடுக்கலாம்தான், ஆனா ஃபார்முலா, யார் எதப் பாக்கலாம்ங்கற அனுமதி, எந்த டேபிள் எதோட சேருதுங்கற தொடுப்பு, இதெல்லாம் அதுல வராது. போட்டோவுக்கு வெறும் லிங்க்குதான் வரும், அந்த லிங்க்கும் சில டூல்ல கொஞ்ச நேரத்துல செத்துப்போகும். அதனால வருஷக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி, மொத்தத்தையும் வெளிய எடுத்து, எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல ஏத்தி, ஒரே ஒரு கடையோட பாக்கிய மட்டும் கூட்டிப் பாருங்க. ஆப் காட்டுற எண்ணும் அதுவும் ஒத்துவந்தா கட்டுங்க.