போலீஸ் கைப்பேசியைக் கேட்டால்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ரோட் பிளாக்கில் நிறுத்திக் கைப்பேசியைக் கேட்டால், முதலில் மரியாதையாக, "துவான், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?" (ஐயா, உங்கள் அதிகார அட்டையைப் பார்க்கலாமா?) என்று கேளுங்கள். நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல். மஞ்சள், அதற்குக் கீழ். வெள்ளை, ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டைக்காரர் பணி இடைநீக்கத்தில் இருப்பவர். அவரிடம் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

நிறம் பார்ப்பது சும்மா இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிக்குத்தான் கணினித் தரவைப் பார்க்கும் அதிகாரம் தருகிறது. கடவுச்சொல்லும் அதில் சேர்த்தி. மஞ்சள் அட்டைக்காரர் "சும்மா பார்க்கிறேன்" என்றால் எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்து இழுக்காதீர்கள், கடமையைத் தடுத்ததாக தண்டனைச் சட்டத்தின் 186ஆவது பிரிவு பாயும். பயத்தில் வாட்சாப்பை அழிப்பது அதைவிட மோசம். சாட்சியத்தை அழித்ததாக 204 வரும்.

எடுத்துக்கொண்டு போனால் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை (கைப்பேசியின் அடையாள எண், ஐஎம்இஐ) இன்றே எழுதி வீட்டில் வையுங்கள். பட்டியலில் "கறுப்புக் கைப்பேசி" என்று மட்டும் இருந்தால், பின்னால் அது உங்களுடையதுதான் என்று காட்டுவது பெரும்பாடு.

கையில் இருப்பதற்காவது இவ்வளவு உண்டு. காற்றில் போகும் பேச்சுக்குக் காவல் குறைவு. அரசமைப்பில் அந்தரங்க உரிமை தனியாக எழுதப்படவில்லை. 5ஆவது விதியின் தனிமனித சுதந்திரத்துக்குள் அதுவும் அடங்கும் என்று 2010-இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே விதி, சட்டப்படி பறிக்கலாம் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116சி பிரிவில் ஒட்டுக்கேட்க அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனுமதித்தால் போதும், நீதிபதி குறுக்கே வருவதே இல்லை. சொஸ்மாவில் (பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012-இன் சிறப்புச் சட்டம்) அவசரம் என்றால் சூப்பரிண்டெண்டென்ட் ஒருவரே தொடங்கிவிடலாம். 2010-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசு, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அந்தச் சட்டத்தின் பேரில் மனுப் போட்டு நாளைக் கழிக்காதீர்கள்.

வாட்சாப் செட்டிங்ஸில் காப்புப்பிரதிக்கும் (பேக்கப்) மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) இயக்குங்கள். இல்லாவிட்டால் கிளவுட்டில் கிடக்கும் பிரதி பூட்டில்லாத பெட்டிதான். சாதாரண சிம் அழைப்பில் யாரை எப்போது அழைத்தீர்கள், எந்த டவர் பிடித்தது என்பதை எந்தச் செயலியும் மறைக்காது. கூட வேலை செய்பவருக்கு இரக்கப்பட்டு உங்கள் ஐசியில் (அடையாள அட்டை) சிம் எடுத்துத் தரவே கூடாது, அந்த எண்ணின் மொத்தப் பதிவும் உங்கள் பெயரில் ஏறும்.

கைதென்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் போன் கேளுங்கள். வக்கீலுக்குக் காசில்லாவிட்டால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவசமாக அனுப்பும். சொஸ்மாவின் கணக்கு வேறு: 28 நாள் வரை தடுப்பு, வக்கீலைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளவும் முடியும். அதனால் எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பதை வீட்டார் அன்றே பாலாயில் (போலீஸ் நிலையம்) கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.