குழந்தை செய்த சுடுமண் நகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுடுமண் நகை வகுப்புக்கு வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். மிச்சக் களிமண்ணில் பிள்ளை ஒரு பதக்கம் பிடித்துக் கொடுத்ததும் அதைக் காலத்துக்கும் வைத்துக்கொள்ள ஆசை வந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அதே தவறுகள். தண்ணீரில் போடக் கூடாது, கீழே போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

காயும் முன்னே சுடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பெரியவர்கள் மண்ணைத் தகடாகத் தட்டுவார்கள். குழந்தை கட்டியாகப் பிடிக்கும். 4 வயதுப் பையன் ஒருவன் கட்டைவிரல் பருமனில் யானைப் பதக்கம் செய்திருந்தான். தும்பிக்கைக்குத் தனியாக ஓர் உருண்டை வைத்து அழுத்தியிருந்தான். மறுநாள் பிறந்தநாள் என்று, ஒரே பகல் வெயிலில் காயவைத்து, மற்ற நகைகளோடு வறட்டி நெருப்பில் வைத்துவிட்டார் அவன் அம்மா. டப்பென்று ஒரு சத்தம். யானை சில்லுசில்லாகிவிட்டது, பக்கத்திலிருந்த ஜிமிக்கியும் போயிற்று. ஜிமிக்கியை மறுபடி செய்யலாம். அந்த யானையை அவனாலேயே மறுபடி செய்ய முடியாது.

காற்றுக்குமிழிதான் காரணம் என்கிறார்கள் பலர். உண்மையான காரணம் ஈரம். வெயிலில் மேல்புறம் வெளுத்துவிடும், உள்ளே தண்ணீர் தங்கியிருக்கும். 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகி, போக வழியில்லாமல் மண்ணைப் பிளக்கும். எனவே நிழலில், திருப்பித் திருப்பிப் போட்டு, ஒரு வாரமாவது காயவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. பிறகு கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. மண் பதமாக இருக்கும்போதே பின்புறம் ஊசியால் சில துளைகள் இட்டுவிட்டால் சீக்கிரம் உலரும். நெருப்பிலும் முதலில் ஓரமாக வைத்து மெல்லச் சூடேற்றிய பிறகே வறட்டி அடுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் சுடவே வேண்டாம். பஞ்சு வைத்த டப்பாவில் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புத்தாள் போடுவது

மேலே குழந்தையின் விரல்ரேகை பதிந்திருக்கும். வழவழப்பாக்குகிறேன் என்று அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். அந்த ரேகை இல்லாவிட்டால் அது யார் செய்த நகை? பெயின்டையும் கெட்டியாக அப்பாதீர்கள்.

துளையை மறப்பது

கயிறு கோக்கும் துளையை மண் ஈரமாக இருக்கும்போதே, கயிற்றைவிடப் பெரிதாக இட்டுவிடுங்கள். மண் சுருங்கும்.

தூங்கும்போதும் குழந்தையின் கழுத்தில் விடுவது

கூடவே கூடாது.

பீரோவில் பூட்டுவது

போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம். கயிறு நைந்திருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்; அறுந்து விழுந்தால் சுடுமண் தாங்காது.