ட்யூட்டில அடிபட்டா முதல் நாள் பேப்பர்லயே கோட்டை விட்டுடாதீங்க

இபி, பஸ் டிப்போ, மாநகராட்சி, ஹைவேஸ்னு சேலம் சுத்துவட்டாரத்துல கவர்மெண்ட் வேலை பாக்குற நிறைய பேருக்கு ஒரு நெனப்பு இருக்கு, நமக்கு ஏதாவது ஆச்சுன்னா டிபார்ட்மெண்டே பாத்துக்கும்னு. தானா எதுவும் நடக்காதுங்க. இழப்பீடு வர்றதும் வராததும் பெரும்பாலும் அடிபட்ட அன்னைக்கு எழுதுற ரெண்டு மூணு பேப்பர்லயே முடிவாயிடுது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பெரிய தப்பு, ஆஸ்பத்திரில காரணத்தை மாத்தி சொல்றது. ஏற்காட்டுல கோடை மழைல மரம் சாஞ்சு லைன் அறுந்துருச்சு, நாகலூர் பக்கம் சரி பண்ணப் போன கேங்மேன் ஒருத்தர் கம்பத்துல இருந்து விழுந்துட்டாருன்னு வெச்சுக்குங்க. கூட இருக்கவங்க "வேலைல விழுந்தேன்னு சொன்னா ஜே.இ-க்கு (ஜூனியர் இன்ஜினியருக்கு) மெமோ வரும்ணா, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்க"ன்னு சொல்லுவாங்க, அவரும் வலில சரின்னுருவாரு. ஏற்காடு ஜி.எச்-ல அப்படியே எழுதிருவாங்க, அப்புறம் ஆம்புலன்ஸ்ல கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கி சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்கு வந்தா, அங்க அவர் சம்சாரம் கரண்ட் கம்பத்துல இருந்து விழுந்தாருன்னு உண்மைய சொல்லும். இப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு ஆஸ்பத்திரில ரெண்டு கதை. நாளைக்கு கேஸ்ல எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல கையில எடுக்கப்போறது இதைத்தான். அதனால எங்க, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது அடிபட்டதுன்னு டாக்டர்கிட்ட நெஜத்தை சொல்லி விபத்து பதிவேட்டுல எழுத வைங்க, அந்த ஏ.ஆர். காப்பிய கேட்டு வாங்கி பத்திரமா வைங்க. மெமோ வந்தா பதில் எழுதிக்கலாம், ஏ.ஆர்-ல ஏறுனத மாத்துறது அவ்ளோ லேசு இல்ல.

அடுத்தது, "சார்கிட்ட போன்ல சொல்லிட்டேன்"னு விட்டுடறது. அந்த சார் ஆறு மாசத்துல மாறிப் போயிருவாரு, புதுசா வர்றவருக்கு ஒண்ணும் தெரியாது. மேலதிகாரிக்கு விபத்து தகவல் நோட்டீஸ் கண்டிப்பா எழுத்துல போகணும், பேரு, தேதி, எடம், விபத்து எப்படி ஆச்சு, யார் பாத்தாங்கன்னு நாலு வரி போதும். நேர்ல குடுத்தா டூப்ளிகேட்ல சீலும் கையெழுத்தும் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிருங்க. நோட்டீஸ் தரலைன்னு ஒரே காரணத்துக்காக இழப்பீட்ட மறுக்க முடியாது, மேலிடத்துக்கு வேற வழியில விபத்து தெரிஞ்சிருந்தா அதுவும் செல்லும், ஆனா தெரிஞ்சிருந்ததுன்னு நிரூபிக்கிற பாடு நம்ம தலைல விழும்.

சின்ன அடிதானேன்னு எழுதாம விடறதும் இப்படித்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி மூணு நாளுக்குள்ள சரியாயிடற காயத்துக்கு இழப்பீடு கெடையாது, அது உண்மை, ஆனா இடுப்புல விழுந்த அடி இன்னைக்கு தைலம் தடவுனா போயிரும்னு தோணும், ரெண்டு மாசம் கழிச்சு டிஸ்க் வெலகிருச்சுன்னு ஸ்கேன்ல வரும். ரெகுலர் ஸ்டாஃபுக்கு இன்னொண்ணு இருக்கு, ட்யூட்டி காயத்துக்கு சிறப்பு இயலாமை விடுப்பு கேக்கலாம், ஆனா அந்த விதிலயே சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள பாதிப்பு தெரிஞ்சிருக்கணும், தாமதிக்காம தெரிவிச்சிருக்கணும்னு இருக்கு. இது தெரியாம சொந்த மெடிக்கல் லீவ போட்டு தீத்துக்கறவங்கதான் அதிகம்.

வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க. "இவ்ளோ வாங்கிக்கிட்டேன், இனி உரிமை கோர மாட்டேன்"னு எழுதி வாங்குனாலும் அது சட்டத்துல செல்லாது. இறப்புன்னா இன்னும் கறார், இழப்பீட்டுத் தொகைய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்கிட்ட (இந்த வழக்குகள விசாரிக்கிற அதிகாரி) டெபாசிட் பண்ணியாகணும், குடும்பத்துகிட்ட நேரா பணத்தக் குடுத்து கணக்க முடிச்சேன்னு சொல்ல முடியாது. "பையனுக்கு வாரிசு வேலை தர்றோம், கேஸ் வேண்டாம்மா"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்கம்மா, அது வேற, இது வேற.

காண்ட்ராக்ட்ல இருக்க தூய்மைப் பணியாளர்கள் "நான் கார்ப்பரேஷன் ஆளு இல்லையே"ன்னு ஒதுங்கிடறாங்க, பாக்கவே வயிறு எரியுது. வேலைய காண்ட்ராக்ட்ல விட்டாலும் முதன்மை வேலையளிப்பவருக்கு, அதாவது காண்ட்ராக்ட் விட்ட கார்ப்பரேஷனுக்கு, பொறுப்பு இருக்குங்க, அங்கயே கேக்கலாம். சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறாங்கன்னா வழி அங்க, வேலைக்கு சேந்த மொத நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு, தற்காலிக முடக்கத்துக்கு சராசரி சம்பளத்துல 90 சதவீதம் வரும். இ.எஸ்.ஐ. இருந்தா இழப்பீட்டுச் சட்டத்துல தனியா கேக்க முடியாது. அதே மாதிரி பஸ்ல போறப்ப வேற வண்டி இடிச்சிருச்சுன்னா டிரைவர் கண்டக்டர் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துலயும் போகலாம், இழப்பீட்டு ஆணையர்கிட்டயும் போகலாம், ஆனா ஏதாவது ஒண்ணுதான், எதுல அதிகம் வரும்னு வக்கீல்கிட்ட கணக்கு போட்டுட்டு எறங்குங்க.

பெல்ட் போடல, கிளவுஸ் போடல, அதனால கெடையாதுன்னு சொல்லி அனுப்பிருவாங்க. வேணும்னே விதிய மீறுனா மட்டும்தான் அந்த வாதம் நிக்கும், அதுவும் இறப்புலயோ நிரந்தர முழு ஊனத்துலயோ எடுபடாது. கிளவுஸே தராத எடத்துல போடலைன்னு எப்படிங்க சொல்லுவாங்க?

வீட்ல இருந்து ட்யூட்டிக்கு போற வழில ஆச்சுன்னா கணக்கு இல்லைன்னு இன்னும் பல பேர் நெனைக்கிறாங்க. 2025 ஜூலைல உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன் விடியக்காலை ட்யூட்டிக்கு பைக்ல போறப்ப இறந்த வழக்குல, நேரம், எடம், சூழ்நிலை எல்லாம் வேலையோட சம்பந்தப்பட்டிருந்தா அதுவும் வேலை விபத்துதான்னு சொல்லிருச்சு. 2025 நவம்பர் 21ல பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலா நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புங்கிற புதுச் சட்டத்துலயும் அது இருக்கு. அதனால விடியக்காலை ஷிஃப்ட்டுக்கு போறவங்க ட்யூட்டி ஷீட் காப்பிய கைல வெச்சுக்குங்க.

தொகை எவ்ளோன்னு தெரியாம பேரம் பேச ஒக்காராதீங்க. பழைய 1923 இழப்பீட்டுச் சட்டக் கணக்குல, 2020ல இருந்து மாச சம்பளம் அதிகபட்சம் 15,000ன்னுதான் எடுப்பாங்க, நீங்க 40,000 வாங்குனாலும் அவ்ளோதான். வயசுக்கு ஏத்த மாதிரி பெருக்குறதுக்கு சட்டத்துல ஒரு காரணி இருக்கு, 40 வயசுக்காரருக்கு அது 184.17. இறந்துட்டா சம்பளத்துல பாதி பெருக்கல் காரணி, அதாவது 13,81,275 ரூபா. நிரந்தர முழு ஊனம்னா 60 சதவீதம் எடுத்து 16,57,530. ஆள்காட்டி விரல் முழுசா போனா அதுல 14 சதவீதம், ரெண்டேகால் லட்சத்துக்கு மேல வருது, இத தெரியாம இருபதாயிரத்துக்கு கையெழுத்து போட்டா எவ்ளோ நட்டம் பாருங்க. ஆஸ்பத்திரி செலவு தனி, அதுக்கு ஒரிஜினல் பில் ஒவ்வொண்ணும் வேணும்.

மனு போட கெடு விபத்து நடந்து ரெண்டு வருஷம். லேட்டானா தகுந்த காரணம் காட்டி கேக்கலாம்தான், ஆனா அத நம்பி இருக்காதீங்க. சேலத்துல இழப்பீட்டு ஆணையர் பொறுப்புல இருக்க தொழிலாளர் துணை ஆணையர்கிட்ட மனு போடணும், விபத்து வேற ஊர்ல ஆயிருந்தாலும் நீங்க குடியிருக்க ஊர்லயே போடலாம், அதுக்காக அலைய வேண்டாம். ஒரு மாசத்துக்குள்ள தர வேண்டிய பணத்த இழுத்தடிச்சா வட்டி உண்டு (பழைய சட்டத்துல 12 சதவீதம்), சரியான காரணம் இல்லாம இழுத்திருந்தா தொகைல பாதி வரைக்கும் அபராதமும் போடலாம், மனுவுலயே வட்டியையும் அபராதத்தையும் சேர்த்துக் கேட்டு எழுதிருங்க.