முதலில் மாவிலை, அடுத்துத் தமிழ் எழுத்து: வீட்டு வெட்டு மெஷினைப் பழகும் முறை

வெட்டு மெஷினை ஒரு பிரிண்டர் என்றே நினைத்துக்கொள்ளலாம். மைக்குப் பதில் பிளேடு. மேட் என்கிற ஒட்டும் பலகை காகிதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உருளைகள் மேட்டை முன்னும் பின்னும் இழுக்க, பிளேடு இடமும் வலமும் ஓடுகிறது. பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரம் நாம் தள்ளும் பக்கம் தானே திரும்பிக்கொள்ளும் அல்லவா? பிளேடின் முனையும் அப்படித்தான் வெட்டும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். கூரான மூலையிலும் மிகச் சிறிய வட்டத்திலும் காகிதம் கிழிவது இதனால்தான். வெட்டிக்கொண்டே சட்டென்று திரும்ப வேண்டிய இடம் அது. காகிதம் ஈரமாகவோ மேட்டில் தளர்ந்தோ இருந்தால் அந்தத் திருப்பத்தில் நார் நாராகப் பிய்ந்துவிடும்.

மெஷின் வந்த அன்றே டி-சட்டையில் பெயர் ஒட்டிப் பார்க்க ஆசை வரும். அதைத் தள்ளி வையுங்கள். வினைல் என்கிற ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் தவறினால் வினைலோடு சட்டையும் போகும். அட்டையில் தவறினால் போவது ஒரு தாள்தான். எங்கே தவறு என்பதும் அட்டையில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

எதை வாங்குவது, எங்கே வைப்பது

அட்டை, வினைல், ஸ்டிக்கர் இவைதான் உங்கள் வேலை என்றால் கிரிகட் நிறுவனத்தின் எக்ஸ்புளோர் வகை தாராளமாகப் போதும். துணியைச் சுழல் பிளேடால் வெட்டவும், 2.4 மி.மீ. வரை தடிமனான பலகையைக் கத்திப் பிளேடால் வெட்டவும் எண்ணம் இருந்தால் மட்டும் கிரிகட் மேக்கர். கிரிகட் ஜாய் கைக்கு அடக்கமானது. ஆனால் அதன் வெட்டு அகலம் ஏறத்தாழ 11 செ.மீ.தான், வாசலுக்குப் பெரிய எழுத்து வெட்ட நினைப்பவருக்கு ஆகாது.

இன்னொரு நிறுவனமான சில்லவெட்டின் கேமியோ மெஷினுக்கான மென்பொருள் இணையம் இல்லாமலும் நன்றாக ஓடும். அதன் இலவசப் பதிப்பு எஸ்விஜி (கோடுகளாகச் சேமித்த படம்) கோப்பைத் திறக்காது என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். அதேபோன்ற இன்னொரு வகையான டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறக்கும்.

அமெரிக்காவிலிருந்து தருவித்த மெஷின் என்றால், அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் நம் மலேசிய மின்சாரத்தைத் தாங்கும். மூன்று கால் பிளக்குக்கு மாற்றி ஒன்று இருந்தால் போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் செருகவே செருகாதீர்கள்.

மேசையில் மெஷினுக்குப் பின்னால் 25 செ.மீ. இடம் விடுங்கள். மேட் பின்பக்கமாகவும் வெளியே வரும். சுவரில் முட்டினால் உள்ளே கோணிக்கொண்டு, வெட்டு விலகிவிடும். கூரை விசிறிக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், வெட்டி எடுத்த சின்னத் துண்டுகளெல்லாம் வீடு முழுக்கப் பறக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வானம் இருட்டினால் வேலையை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

முதல் நாளுக்கு வேண்டியவை: மெஷினோடு வரும் நுண்முனைப் பிளேடு, 30 செ.மீ. சதுரப் பச்சை மேட், மடிப்புக் கோடு போடும் ஸ்டைலஸ், ஒரு ஸ்பேட்டுலா, பச்சை நிற அட்டை ஏ4 அளவில் பத்துத் தாள். ஷாப்பி, லஸாடா இணையக் கடைகளில் நூறு பொருள் கொண்ட துணைக்கருவிப் பெட்டி கிடைக்கும். அதில் பாதி பெட்டியிலேயே கிடக்கும், வாங்காதீர்கள்.

அட்டை வாங்கும்போது கிராம் எடையைப் பாருங்கள். 200 முதல் 230 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சரியாக இருக்கும். நகல் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் பழகுவதற்கு உகந்ததல்ல. பச்சை மேட்டிலிருந்து கிழியாமல் வராது. ஒரு மூலையைக் கிள்ளிப் பார்த்து, உள்ளேயும் அதே நிறமா என்றும் கவனியுங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் அட்டையை வெட்டினால் ஒவ்வோர் ஓரத்திலும் வெள்ளைக் கோடு தெரியும்.

ஈரம்தான் நம் ஊரில் பெரிய எதிரி. கோலாலம்பூரோ, கடலோரத்துப் பினாங்கோ, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். அட்டை அதைக் குடித்துவிட்டு ஓரம் சுருளும். பிளேடுக்கு அடியில் நசுங்கும். கட்டைப் பிரித்ததும் ஜிப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். ஏற்கெனவே சுருண்ட தாளைக் குளிர்சாதன அறையில் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சோதனை வெட்டு

ஒவ்வொரு புதிய கட்டு அட்டைக்கும், ஒவ்வொரு புதிய வினைல் சுருளுக்கும் இதைச் செய்யுங்கள். சோதனைக்கு 2 செ.மீ. சதுரம் ஒன்று, அதன் நடுவே 5 மி.மீ. வட்டம் ஒன்று போதும். அட்டையின் மூலையில் வைத்து வெட்டுங்கள். கிரிகட்டில் 'மீடியம் கார்ட்ஸ்டாக்' என்ற தேர்வு 216 ஜிஎஸ்எம்முக்கானது, அங்கிருந்து தொடங்கலாம்.

வெட்டி முடிந்ததும் மேட்டை வெளியே தள்ளும் பொத்தானை உடனே அழுத்திவிடாதீர்கள். மேட் உள்ளே இருக்கும்போதே ஸ்பேட்டுலாவால் சதுரத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடி வெட்டு பொத்தானை அழுத்தலாம். பிளேடு அதே கோட்டின் மேல் சரியாகப் போகும். மேட்டை வெளியே எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

சதுரம் சுத்தமாக வந்து, வட்டம் பிய்ந்தால் அழுத்தம் கூடுதல் அல்லது பிளேடின் முனையில் நார் சிக்கியிருக்கிறது. பிளேடைக் கழற்றி, உருட்டிய அலுமினியத் தாளில் முனையைப் பத்துப் பதினைந்து முறை குத்தி எடுங்கள், ஒட்டியது போய்விடும். இரண்டுமே அரைகுறையாக வந்தால், பிளேடின் உறை கவ்வியில் முழுதாக உட்காரவில்லையா என்று முதலில் பாருங்கள். ஒரு மி.மீ. தூக்கி நின்றாலே வெட்டு இறங்காது. அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வழி. மேட்டில் ஆழமான கீறல் விழுந்தால் அழுத்தம் எல்லை மீறியது என்று பொருள். அந்தக் கீறல் அடுத்த வேலையிலும் காகிதத்தை இழுக்கும்.

மாவிலைத் தோரணம்

முதல் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வளைவான கோடு, கூரான முனை, சின்னத் துளை, மடிப்பு என்று பழக வேண்டிய நான்கும் ஒரே இலையில் இருக்கின்றன.

மூன்றடி வாசல் என்றால் 91 செ.மீ. இலை 4.5 செ.மீ. அகலம், 13.5 செ.மீ. நீளம், இலைக்கு இலை 1 செ.மீ. இடைவெளி. அப்படியானால் 16 இலை வேண்டும். ஏ4 தாளில் குறுக்கே நான்கு, நெடுக்கே இரண்டு, ஆக எட்டு இலை அடங்கும். இரண்டு தாளில் வேலை முடிந்தது.

இலை வடிவத்தை வரைந்து, காம்புக்குக் கீழே 4 மி.மீ. துளை வையுங்கள். துளை அட்டையின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும், இல்லையேல் நூலின் இழுப்பில் அறுந்துவிடும். நடுநரம்புக்கு ஒரு கோடு வரைந்து, அதை 'ஸ்கோர்' (மடிப்புக் கோடு) என்று மாற்றுங்கள். இப்போது இலை, துளை, நரம்பு மூன்றையும் தேர்ந்து 'அட்டாச்' கொடுக்க வேண்டும். கிரிகட் பழகுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். அட்டாச் செய்யாவிட்டால், காகிதத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து மென்பொருள் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக அடுக்கும். நரம்பு ஒரு மூலையிலும் துளை இன்னொரு மூலையிலும் போய் நிற்கும். சில்லவெட்டில் இந்தத் தொல்லை இல்லை. திரையில் இருப்பது அப்படியே வெட்டப்படும்.

அட்டையை மேட்டின் மேல் இடது மூலையில் கோட்டோடு சேர்த்து ஒட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து விடுங்கள். எக்ஸ்புளோர் ஏர் 2 போன்ற மெஷினில் ஸ்டைலஸ் 'ஏ' கவ்வியில், பிளேடு 'பி' கவ்வியில். மெஷின் முதலில் மடிப்புக் கோடு போட்டுவிட்டுப் பிறகு வெட்டும்.

வெட்டியதும் இலையை மேட்டிலிருந்து பிடுங்காதீர்கள், சுருண்டுவிடும். மேட்டைக் குப்புறக் கவிழ்த்து, மேட்டை மேல்நோக்கி வளைத்து இழுங்கள். காகிதம் மேசையோடு படிந்தபடி தட்டையாகப் பிரியும். புது மேட் மிகவும் ஒட்டினால், சுத்தமான பருத்திச் சட்டையை அதன் மேல் இரண்டு மூன்று முறை அழுத்தி எடுத்தால் பசை சற்று மட்டுப்படும்.

தமிழ் எழுத்து

இங்கேதான் நமக்கென்று தனியாகச் சில வேலைகள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தை வைத்து எழுதிய வழிகாட்டிகளில் இவை கிடைக்காது.

மெஷினின் மென்பொருளில் நேரடியாகத் தட்டினால் 'பொங்கல்' போன்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். எழுத்து சரியாகத் தெரிந்தாலும், எழுத்தும் அதன் விலங்கும் (மேலே வளையும் இகரக் குறி) ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் மெஷின் இரண்டின் எல்லைக் கோட்டையும் வெட்டும். 'ளி' நடுவே கீறலோடு வரும்.

கணினியில் படம் வரையும் இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுதுங்கள். எழுத்துருவுக்குப் பலூ தம்பி 2, காயினி, கேட்டமரன் ஆகிய மூன்றும் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசம். தடித்த வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு இணைமதி ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். அதை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன்.

சொல்லைத் தட்டியதும் 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அடுத்து 'அன்குரூப்', அடுத்து 'யூனியன்'. இந்த வரிசை மாறக் கூடாது. யூனியன் செய்ததும் ஏறியிருந்த கோடுகள் மறைந்து, சொல் முழுவதும் ஒரே வடிவமாகிவிடும். 'ப்ளெய்ன் எஸ்விஜி' என்று சேமித்து மெஷினின் மென்பொருளில் ஏற்றுங்கள். சில்லவெட்டின் இலவசப் பதிப்பு என்றால் டிஎக்ஸ்எஃப். ஏற்றியதும் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் மாறியிருக்கும். அகலத்தை நீங்களே தட்டிச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது புள்ளி. 'வாழ்த்துகள்' என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள். வெட்டியதும் அவை எழுத்தை விட்டுத் தனியாகக் கிடக்கும். எழுத்தின் உயரம் 3 செ.மீ. என்றால் புள்ளியை 5 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்குங்கள். 3 மி.மீட்டருக்குக் கீழே போனால் அட்டையில் பிளேடோடு சேர்ந்து எழும்பி வந்துவிடும். ஒட்டும்போது இடம் தவறாமல் இருக்க, எழுத்து பிரிந்து வந்த மீதித் தாளை எறியாதீர்கள். அதை வாழ்த்து அட்டையின் மேல் வைத்து, பள்ளங்களுக்குள் எழுத்தையும் புள்ளியையும் பசை தொட்டு இறக்குங்கள். பிறகு மீதித் தாளைத் தூக்கினால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். தோரணம் போலத் தொங்கவிட வேண்டிய சொல்லுக்கு இது உதவாது. அதற்கு 'ஆஃப்செட்' கொடுத்து 3 மி.மீ. பெரிதான பின்னட்டை ஒன்று வெட்டுங்கள். 6 மி.மீட்டருக்குள் நெருங்கி நிற்கும் பகுதிகள் எல்லாம் அதில் இணைந்துவிடும், புள்ளி உட்பட.

கோல ஸ்டென்சில் செய்பவர்களுக்குச் சிக்கல் தலைகீழாக வரும். சிக்குக் கோலத்தின் கோடு எங்கும் அறுபடாமல் சுற்றுவதால், உள்ளே அகப்பட்ட கட்டங்கள் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது இரண்டு இடத்தில் 3 மி.மீ. பாலம் விட்டு வரையுங்கள். மாவு போட்டபின் அந்த இடைவெளியை விரலால் இழுத்து மூடிக்கொள்ளலாம்.

சட்டைக்குப் போகும்போது

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவுக்கு மஞ்சள் சட்டை அடிக்கும் அளவுக்குக் கை பழகியதும், சூடு வைத்துத் துணியில் ஒட்டும் வெப்ப வினைலை எடுங்கள். பளபளப்பான பக்கம் மேட்டில் படிய வேண்டும். வெட்டும் முன் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். பிளேடு வினைலை மட்டும் வெட்டி, அடியிலுள்ள பிளாஸ்டிக்கைத் தொடாமல் நிற்க வேண்டும். அடிப்படலமும் அறுந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

பருத்திச் சட்டைக்குப் பொதுவாக 150 முதல் 160 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 வினாடி. வினைல் சுருளில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. சாதாரண இஸ்திரிப்பெட்டி என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேய்க்காமல் ஓரிடத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஆவி வந்தால் பசை பிடிக்காது. பாலியெஸ்டர் ஜெர்சியில் இந்தச் சூட்டை வைக்காதீர்கள். துணி பளபளத்துப் போவதோடு, சிவப்பு, காவிச் சாயம் மேலேறி வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் என்று கேட்டு வாங்கி, ஒரு சட்டையில் ஒட்டி, மறுநாள் நிறம் மாறவில்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள். முதல் சலவைக்கு 24 மணி நேரம் கழியட்டும், சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டே துவையுங்கள்.