புரோகிரசிவ் மெட்டல் வெறும் சத்தமாகத் தெரிகிறதா? இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்

கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவன் தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, தனக்கு மிகவும் பிடித்த பாட்டைப் போட்டான். ஆறு நிமிடம் ஓடும் வாத்திய இசை, பாடகரே கிடையாது. அந்த ஆறு நிமிடத்துக்குள் தாளக் கணக்கு 100 முறைக்கு மேல் மாறும். அவன் முகத்தில் அவ்வளவு ஆனந்தம். எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. "வித்தை காட்டுகிறார்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் பல வருடங்கள் இந்தப் புரோகிரசிவ் மெட்டல் பக்கமே வரவில்லை.

இன்று அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். அவன் கொடுத்தது நல்ல பாட்டுதான். அதை முதல் பாட்டாகக் கொடுத்ததுதான் தவறு. நான் திரும்பி வந்த வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். மூன்று நான்கு வாரம் ஆகும். சந்தேகத்தோடேயே வாருங்கள், அதில் ஒன்றும் தவறில்லை.

தேவையானவை குறைவு: ஓரளவு நல்ல ஹெட்ஃபோன், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், பாடல் வரிகள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அடித்தளத்தில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும், இந்த இசையில் பாதி விஷயம் அங்கேதான் நடக்கிறது.

1. உங்கள் புகாரை ஒரு வரியில் எழுதுங்கள்

"பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவாது. பாடாமல் தொண்டையால் உறுமுகிறார்கள், பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது, உணர்ச்சியே இல்லாமல் வேகம் காட்டுகிறார்கள்: இதில் எது உங்களைத் தள்ளிவிடுகிறது?

இந்தக் குணங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் கேட்பது எளிது. நீளமான பாட்டு, மாறும் தாளம், ஒரே கதையைச் சொல்லும் ஆல்பம் எல்லாம் 1970-களின் புரோகிரசிவ் ராக் கொடுத்தவை. கனமான கிட்டார் மெட்டலிலிருந்து வந்தது. 1980-களில் அமெரிக்காவில் குவீன்ஸ்ரைக், ஃபேட்ஸ் வார்னிங் போன்ற பேண்டுகள் இரண்டையும் சேர்த்தன. 1985-ல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் தொடங்கிய பேண்டுதான் பிறகு ட்ரீம் தியேட்டர் ஆனது.

2. உறுமல் இல்லாத இடத்தில் தொடங்குங்கள்

ஸ்வீடனின் ஓபெத் பேண்டு 2003-ல் வெளியிட்ட 'டாம்னேஷன்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'விண்டோபேன்'. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஆல்பம் முழுக்க ஒரு உறுமல்கூட இல்லை, அமைதியான சோகம்தான். இதை மெட்டல் என்று சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியாது. ஆனால் பாட்டு அவசரப்படாமல் எட்டு நிமிடத்துக்கு விரிவதை இங்கேதான் காது நிம்மதியாகப் பழகிக்கொள்ளும்.

3. ஒரே பாட்டை மூன்று நாள் கேளுங்கள்

ட்ரீம் தியேட்டரின் 'புல் மீ அண்டர்', 1992. எட்டு நிமிடம். பாடகர் வருவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சினிமாப் பாட்டில் பல்லவி சீக்கிரமே வந்துவிடும், சரணம் முடிந்ததும் திரும்பி வரும். நம் காது அந்தத் திரும்பி வருதலுக்குப் பழகியது. இங்கே சில பகுதிகள் ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் போய்விடும். அதனால் முதல் தடவை எல்லாம் சிதறலாகத்தான் கேட்கும். அந்தச் சிதறலை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

முதல் நாள் சும்மா கேளுங்கள். இரண்டாம் நாள் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை மனதில் வைத்து எழுதியவை என்று தெரிந்ததும் அந்தக் குரலின் பதற்றத்துக்குக் காரணம் கிடைக்கும். மூன்றாம் நாள் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். "அடுத்து இது வரப்போகிறது" என்று உங்களுக்கே ஒரு இடத்தில் தெரியும். அந்த நொடியில்தான் எனக்கு இந்த இசை திறந்தது. கடைசியில் பாட்டு வெட்டியது போல நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் முடித்திருக்கிறார்கள்.

4. தாளத்தை வாய்விட்டு எண்ணுங்கள்

"கணக்குப் போட்டு வாசிக்கிறார்கள்" என்பதுதான் உங்கள் புகார் என்றால், இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

டூல் பேண்டின் 'ஸ்கிஸம்' பாட்டை எடுங்கள். 2001-ல் வந்த 'லேட்டரலஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. தொடக்கம் முடிந்து பேஸ் கிட்டாரின் முக்கிய வரி நிலைபெறும் வரை காத்திருங்கள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டே எண்ணுங்கள்: ஐந்து, அப்புறம் ஏழு, மறுபடி ஐந்து, மறுபடி ஏழு.

எண்களைச் சொன்னால் நாக்கு பின்தங்கிவிடும். நமக்கு அதைவிட நல்ல கருவி இருக்கிறது. மிருதங்கம் கற்பவர்கள் சொல்லும் சொற்கட்டைச் சொல்லுங்கள். "தக தகிட" ஐந்து, கண்டம். "தகிட தகதிமி" ஏழு, மிஸ்ரம். அழுத்தம் விழும் இடங்கள் அப்படியே பொருந்தாது, கூட்டுத்தொகை பொருந்தினால் போதும். நடுவில் கணக்கு வேறு மாதிரியும் மாறும். தவறவிட்டால் பேஸ் வரி திரும்பும்போது மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. ஆறும் ஆறுமாக அழகாகப் பிரித்திருக்கலாம். அவர்கள் பிரிக்கவில்லை. ஒரு கால் குட்டை, ஒரு கால் நீளம் என்பது போலப் பாட்டு நடக்கிறது. இப்போது வரிகளைப் படியுங்கள்: பேச்சு அறுந்து, ஒன்றாகப் பொருந்தியிருந்தவர்கள் பிரிந்து போவதைப் பற்றிய பாட்டு. தாளமும் அதையே சொல்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது புரிந்த நாளில் "வித்தை" என்ற என் பழைய சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இந்த பேண்டின் டிரம்மர் டேனி கேரி தபலாவும் கற்றவர் என்பதைப் பிறகு அறிந்தபோது ஆச்சரியமாக இல்லை.

வேகத்துக்காக மட்டுமே வாசிக்கும் பேண்டுகளும் இந்த வகையில் நிறையவே உண்டு. கிட்டார் சோலோ முடிந்ததும் பாட்டில் எதுவும் மாறவில்லை என்றால், தயங்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

5. ஒரு முழு ஆல்பம், ஒரே மூச்சில்

ட்ரீம் தியேட்டரின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி', 1999. மொத்தம் 77 நிமிடம். நிக்கோலஸ் என்பவன் மனோவசியத்தில் தன் முற்பிறவியைப் பார்க்கிறான். அதில் அவன் விக்டோரியா என்ற பெண், கொலை செய்யப்பட்டவள். யார் கொன்றது என்பதுதான் கதை. ஷஃபிள் போடாமல், வரிகளோடு, ஒரு படம் பார்ப்பது போல உட்காருங்கள்.

விடுதியில் நான் கேட்ட அந்தப் பாட்டு, 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி', இந்த ஆல்பத்தின் நடுவில் வருகிறது. கதை தெரிந்து, முன்பு வந்த மெட்டுகள் காதில் இருக்கும்போது அது வேறு பாட்டு. தனியாகப் பிடுங்கி எடுத்துக் கொடுத்ததால்தான் எனக்கு எட்டவில்லை. பின்னால் வரும் 'தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன்' மிக எளிமையான மெட்டு, மரணத்தைப் பற்றியது. உணர்ச்சியே இல்லை என்று எழுதியிருந்தால், அந்தத் தாளை அப்போது எடுத்துப் பாருங்கள்.

இதுவரை வந்தும் மனம் ஒட்டவில்லையா? சரி, நிறுத்திவிடுங்கள். நீங்கள் கொடுத்தது நியாயமான வாய்ப்புதான்.

6. இப்போது உறுமல்

மறுபடி ஓபெத். 2001-ல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்'. அதில் 'ஹார்வெஸ்ட்', அடுத்து 'தி டிரேப்பரி ஃபால்ஸ்'. ஆல்பத்திலும் இதே வரிசைதான். முதலாவது இதமான பாட்டு. இரண்டாவதில் அதே பாடகர் மிகேல் ஓக்கர்ஃபெல்ட் மென்மையாகத் தொடங்கி, பிறகு உறுமலுக்கு மாறுகிறார். அந்த மாற்றம் எங்கே நடக்கிறது, அப்போது கிட்டார் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். உறுமலில் ராகத்தைத் தேடாதீர்கள். தெருக்கூத்தில் துச்சாதனன் போடும் கூச்சலில் சுருதி சேரவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லையே. இந்த பேண்டு 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்திருக்கிறது.

7. கடினமானதைக் கடைசிக்கு வையுங்கள்

மெஷுகா, 2008, 'ப்ளீட்'. இதுவும் ஸ்வீடன் பேண்டுதான். டிரம்மரின் கை சிம்பலில் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) நான்கு நான்காகவே போகும். கால்களும் கிட்டாரும் வேறு கணக்கில் ஓடும். முதலில் சிம்பலோடு தலையை ஆட்டுங்கள். தலை நிலைத்ததும் கிட்டாரை விரலால் தட்டுங்கள். இரண்டும் எங்கே வந்து சேர்கின்றன என்று தேடுங்கள்.